ஆறு வேங்கைப் பலகைகள்

ஆறாவது பலகை மட்டும் வர மாட்டேன் என்றது. ஷீனா பரணில் மண்டியிட்டு, அதன் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கீழே ஏணியில் நின்ற பக்கத்து வீட்டுச் சின்னையன், மறுமுனைக்குத் தோள் கொடுக்கக் காத்திருந்தார். முன்னறையில் பெண்கள் அழும் சத்தம் ஓட்டில் பட்டுப் பரணுக்கும் வந்தது.

"மெதுவா கண்ணு. பத்து வருசமாப் படுத்துக் கெடந்தது. எந்திரிக்கச் சோம்பலாத்தான் இருக்கும்."

"எங்கீங்க மாமா படுத்துக் கெடந்தது? அப்பாதான் வருசத்துக்கு ரெண்டு தடவ பொரட்டிப் பொரட்டிப் போடுவாருங்களே."

"ஆமா. என்னையும் ஒரு பக்கம் புடிக்கச் சொல்லுவான். புடிச்சதுக்குக் கூலியா ஒரு ஏர்க்காலுக்கு மரங் குடுடான்னு கேட்டேன். பல்லக் காட்டிட்டுப் போயிட்டான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். உடனே கீழே பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா கிறிஸ்துதாஸ் இறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் காப்பி கேட்டார். அம்மா டம்ளரோடு வந்தபோது அவர் இல்லை. பங்கு ஃபாதர் மறுநாள் வெளியூர்த் திருவிழாவுக்குப் போகிறார் என்பதால் அன்றைக்கே நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

பெட்டிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்ததும் அண்ணன் ஆண்டனி ராஜ் ஏற்காடு பஜாருக்குப் போன் போட்டுவிட்டான். அவன் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எதையும் போனிலேயே முடிப்பவன். ஷீனாதான் எழுந்து நின்று, "பெட்டி நான் செய்யறேன்" என்றாள். ஏரிக்கரையில் கடை வைத்து, பின்கட்டில் கடைசல் மெஷின் போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு, தண்ணீர் ஊற்றினால் சாயம் இறங்கும் வேங்கை மர டம்ளர் கடைந்து விற்பவள் அவள். சவப்பெட்டி செய்ததில்லை. ஆனால் பரணில் இருந்த பலகைகள் அவளுக்குத் தெரியும். அவற்றைத் தொட இந்த வீட்டில் யாருக்கும் அனுமதி கிடைத்ததில்லை.

ஆறாவது பலகை ஒரு முனகலோடு வந்தது.

அவள் ஆறையும் வாசலில் சாய்த்து வைத்துக் கண்ணை ஒடுக்கி நீளவாக்கில் பார்த்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. அப்பா பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே அடுக்கியதில்லை. இடையிடையே விரல் கனத்தில் குச்சிகள் வைத்திருந்தார். காற்று மேலும் கீழும் ஒரே அளவாகப் போனால்தான் மரம் ஒரே அளவாகக் காயும். ஒரு முகம் முந்திக்கொண்டு காய்ந்தால் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிடும். முனைகளில் பழைய பெயிண்டை அப்பியிருந்தார். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் அவசரமாக வெளியேறும், அந்த அவசரத்தில்தான் பலகை வெடிக்கும். பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடும்.

"ஒரு வெடிப்புகூட இல்லீங்க மாமா!" என்றாள். குரல் கூடிவிட்டது. துக்கத்துக்கு வந்து தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பதரைக்கு, ஏற்காட்டில் வாடகைக்கு ஓட்டும் முருகனின் ஜீப் வந்தது. பின்னால் ஷீனாவின் கடையிலிருந்து வந்த பிளேனர், வட்ட ரம்பம், பிசின், திருகாணிகள். அவற்றுக்குப் பக்கத்தில், ஊதா சாட்டின் துணியும் வெள்ளை லேசும் வைத்து, தங்கப் பெயிண்ட் அடித்த பிடிகளோடு ஒரு பிளைவுட் பெட்டி.

"அக்கா, ரெண்டையும் ஒண்ணாத்தான் கொண்டாந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுல ஏறுன மாதிரி வழியெல்லாம் ரெண்டும் முட்டிக்கிட்டே வந்துச்சுங்க."

ஆண்டனி ராஜ் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுக்கும் குரல்.

"ஷீனா, இங்க பாரு. ரெண்டரைக்கு அப்பாவப் பெட்டியில வெக்கோணும். ரெண்டு மணிக்கு உன்ற பெட்டி முழுசா நிக்கலீன்னா முருகன் பெட்டிதான். அதுக்கு மேல பேச்சில்ல."

"ஏனுங்க அண்ணா, முருகன் பெட்டின்னு சொல்லாதீங்க. எனக்கு இன்னும் காலம் இருக்குதுங்க" என்றான் முருகன்.

"நிக்கும்ண்ணா" என்றாள் ஷீனா.

"கலர் தண்ணி விக்கிற மாதிரின்னு நெனச்சுக்காத. அப்பாவ நடுவழியில கீழ போட்டுராத." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். மூன்று வருடம் முன்னால் அவன் நாகலூரில் வீடு கட்டியபோது, தலைவாசல் கதவுக்கு இந்தப் பலகைகளைக் கேட்டான். அப்பா தலையை ஆட்டி மறுத்தார்; காரணம் சொல்லவில்லை. அதிலிருந்து அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு, மருந்துச் சீட்டும் மழையும் பற்றி மட்டும்தான்.

முதல் பலகையில் பிளேனரை ஓட்டியதும் ஷீனா எல்லாவற்றையும் மறந்தாள். மேலே பத்து வருடத் தூசியும் சாம்பல் நிறமும். நகக் கனம் உரிந்ததும் உள்ளே தேனும் செங்கல்லும் கலந்த நிறம். அதன் ஊடே கரும்பழுப்பு வரிகள், வேங்கைப் புலியின் முதுகில் ஓடுவது போல. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த மரம். அதில் செல் என்கிற கறையான் அரித்த தடம் சல்லடையாக இருந்தது. ஆனால் வெளுப்பு முடிந்து வைரம் பாய்ந்த நடுமரம் தொடங்கும் கோட்டில் எல்லாத் தடமும் அப்படியே நின்றுவிட்டது, ஒன்றுகூடத் தாண்டவில்லை.

"பாருங்க மாமா, கோடு கிழிச்ச மாதிரி! வைரத்துல இருக்கற கசப்பு அதுக்கு ஆகாது. வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பியிருக்குது."

"உங்கப்பன் மாதிரிதான். ஓரமெல்லாம் இளிச்சவாயன். நடுவுல பல்லு போவாது."

அந்த மரம் அவர்கள் பட்டா நிலத்தின் கீழ் எல்லையில் நின்றது. காப்பிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் அது வளரவில்லை. அங்கே வளரவும் வளராது. வேங்கைக்குத் தலைக்கு மேல் வெயில் வேண்டும், காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. சரளைக் கல்லும் செம்மண்ணும் கலந்த சரிவில், வேறு எதுவும் வராது என்று விட்ட இடத்தில் அது தானாக வந்தது. முதல் சில வருடம் கோடைக்குக் கோடை தண்டு காய்ந்து போகும். செத்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் சொல்வார்கள். மண்ணுக்குள் வேர் மட்டும் தடித்துக்கொண்டே இருக்கும். போதுமான வேர் சேர்ந்த ஒரு வருடம் தண்டு காயாது. அந்த ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரம் போய்விடும். பத்து வருடம் முன்னால் ஒரு புயலில் அது சாய்ந்தபோது, முறிந்த இடத்தில் ரத்தம் மாதிரி பால் வழிந்தது. மஞ்சக்குட்டை ஊர்ப் பெண்கள் கொட்டாங்குச்சியோடு வந்தார்கள், குழந்தைகளுக்குக் கறுப்புப் பொட்டு காய்ச்ச. கிறிஸ்துதாஸ் வனத்துறைக்கு நாலு நடை நடந்து அனுமதி வாங்கி, மரத்தைச் சேலத்துக்கு அனுப்பி ஆறு பலகையாக அறுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.

பிளேனர் ஊளையிட்டு அடங்கியது. ஷீனா ஸ்விட்சை நான்கு முறை தட்டினாள். ஜீப்பில் இருந்த ஊதாப் பெட்டியைப் பார்த்தாள். அதன் மூடி லேசாகத் திறந்து அவளைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

சின்னையன் வேலியைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். கைரம்பத்தோடும் இரண்டு இழைப்புளிகளோடும் திரும்பினார். "நம்மகிட்ட கரண்டு எப்பவும் போவாது கண்ணு. இந்தா, உனக்குச் சின்னது."

அதற்குப் பிறகு வாசலே வேறு மாதிரி ஆகிவிட்டது. முருகன் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டான். சின்னையன் இழைக்க, ஷீனா அறுக்க, மரச்சுருள்கள் கணுக்கால் வரை குவிந்தன. அழுது ஓய்ந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். சின்னையனின் மனைவி அத்தாயி சுருள்களை ஒரு தலையணை உறையில் அள்ளி அடைக்க ஆரம்பித்தார். "அண்ணனுக்குத் தலைக்கு வெக்கலாம். பஞ்சு எதுக்கு? இது நல்லா கமகமங்குது."

பன்னிரண்டுக்குள் அடிப்பலகை இரண்டையும் ஒட்டி இணைத்தாகிவிட்டது. அடுத்தது பக்கப் பலகைகள். கஷ்டமான இடம் அதுதான். பெட்டி தோள் வரை அகன்று போய், அங்கிருந்து கால்வரை குறுகிவர வேண்டும். அதாவது பலகை தோள் இடத்தில் வளைய வேண்டும். வேங்கை வளைகிற சாதி இல்லை.

"ஒடஞ்சுரும் கண்ணு" என்றார் சின்னையன்.

"ஒடையாதுங்க. பாருங்க." உள்பக்கத்தில் தோள் இருக்கும் இடத்தில் ஐந்து வெட்டு, அரை விரல் இடைவெளியில், பலகையின் கனத்தில் முக்கால்வாசி ஆழத்துக்குப் போட்டாள். "இப்ப இந்த எடத்துல வளைய வேண்டியது கால்வாசி கனந்தான். வெட்டு வாயெல்லாம் மூடிக்கும். ஆனா மரத்துக்கு சூடு வேணும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துனா நாரு எளகும். யாராச்சும் அடுப்புல..."

"கொண்டாந்துட்டேன்."

அம்மாதான். ஜெயமேரி, காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டை விட்டு நகராதவள், இரண்டு கையிலும் துணி சுற்றி ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"எங்க ஊத்தோணும் சாமி?"

ஷீனா காட்டினாள். அம்மா ஊற்றினாள். முருகனும் சின்னையனும் இரண்டு முனைகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார்கள். மரம் ஒருமுறை முனகியது. பிறகு வெட்டு வாய்கள் ஐந்தும், ஒன்றன்பின் ஒன்றாக, உதடு மூடுவது போல மூடிக்கொண்டன.

"வளைஞ்சுருச்சு!" என்று கத்தினார் அத்தாயி. யாரோ கைதட்டி, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பலகையிலிருந்து வழிந்த தண்ணீர் டிகாஷன் நிறத்தில் தரையில் ஓடியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ டம்ளர்ல காட்டுவியே, நீலமா. இதுல காணமே."

"வெயில் வேணும்மா. நெழல்ல இந்த நெறந்தான். வெயிலு மேல பட்டாத்தான் நீலம் எந்திரிக்கும்." வானம் ஐப்பசி மேகத்தால் அடைபட்டுக் கிடந்தது. "சர்க்கரைக்கு நல்லதான்னு எல்லாரும் கேப்பாங்க. அது எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிருவேன். நெறத்துக்கு மட்டுந்தான் நான் ஜவாப்தாரி."

அம்மா கொஞ்சம் சிரித்தாள். குண்டானோடு அடுத்த தண்ணீருக்கு உள்ளே போனாள்.

ஒரு மணிக்கு, மிச்சத் துண்டுகளால் தலைப்பக்கமும் கால்பக்கமும் அடைத்தாகி, மூடி மட்டும் பாக்கி. ஐந்தாவது, ஆறாவது பலகைகள். ஐந்தாவதில் தூசியைத் துடைத்தபோதே ஓரமாகப் பென்சிலில் ஒரு சாய்கோடு தெரிந்தது. மர மில்காரர்கள் கிழித்தது என்று நினைத்து விட்டிருந்தாள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் துடைத்தாள். ஆறாவதின் ஓரத்திலும் ஒரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆனது. எந்தப் பலகைக்குப் பக்கத்தில் எந்தப் பலகை வர வேண்டும் என்று மறக்காமலிருக்க மர வேலைக்காரர்கள் போடும் குறி அது. அவளே தினமும் போடுவது.

முக்கோணத்துக்குக் கீழே, அப்பாவின் பெரிய பெரிய எழுத்து:

ஷீனா கடை மேசை. ஆறே முக்கால் அடி. வெட்டாதீங்க.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் அவர் பஸ் ஏறி அவள் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, ஏரி ஈரத்தில் ஊதிப்போன பிளைவுட் மேசையை மூன்று முறை அளந்தார். என்னங்கப்பா என்றதற்கு, "சும்மாதான். நீளம் பாத்தேன்" என்றார். ஒரு டீ குடித்தார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஷீனாவின் கையிலிருந்த ரம்பம் அப்படியே நின்றது. மூடிக்கு வேண்டியது ஐந்தே முக்கால் அடி.

சின்னையன் எட்டிப் பார்த்தார். படித்தார். வேறு பக்கம் திரும்பி இழைப்புளியின் அலகை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஜீப்புல ஒண்ணு இருக்குது கண்ணு" என்றார், மெதுவாக.

ஷீனா ஜீப்பைப் பார்த்தாள். அந்தச் சாட்டின் துணியைப் பார்த்தாள். பிறகு பலகைகளைப் புரட்டிப் போட்டாள், எழுத்து கீழே போகும்படி.

"இந்த மொகத்த மட்டும் இழைங்க மாமா. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அது உள்ள போற பக்கம்."

கால் பக்கத்திலிருந்து அளந்து, கோடு கிழித்து, ரம்பத்தை வைத்தாள். எழுத்து தப்பியது, வெட்டு அதற்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது பெட்டி முழுசாக நின்றது. ஷீனா அதன் மேல் உள்ளங்கையால் தட்டினாள். தவில் மாதிரி ஒலித்தது. முருகன் ஜீப்பின் பின்கதவைத் தூக்கிச் சாத்தினான். "இது திரும்பிப் போகட்டுமுங்க. யாருக்கும் வராம இருக்கட்டும்."

ஆண்டனி ராஜ் பெட்டியைச் சுற்றி வந்தான். மூலைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். குறை சொல்ல இடம் கிடைக்காமல், "நொம்ப கனமா இருக்குமே" என்றான்.

"எட்டுப் பேரு வேணும்" என்று ஷீனா ஒத்துக்கொண்டாள்.

அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, சுருள் தலையணையில் தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். ஃபாதர் வந்து செபம் சொன்னார். அம்மா நெற்றியில் முத்தமிட்டாள். மூடியைத் தூக்க அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தூக்கியபோது அதன் உள்முகம் ஆண்டனி ராஜுக்கு நேராகத் திரும்பியது. அவன் படித்தான். கை நின்றது. மூடி இருவருக்கும் நடுவே தொங்கியது.

"எப்ப பாத்த?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒரு மணிக்கு."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வெட்ட விட்டிருப்பீங்களாண்ணா?"

மூடியை இறக்கினார்கள். திருகாணிகளை அவனே வாங்கி, எட்டையும் அவனே முடுக்கினான். தூக்க ஆள் பிரித்தபோது, "முன் பக்கம் நான்" என்றான்.

கல்லறைத் தோட்டத்துக்குக் காப்பித் தோட்டத்தின் நடுவே ஏற வேண்டும். பாதி வழியில் மழை பிடித்தது. யாரும் குடையை விரிப்பதற்குள் பெட்டி நனைந்துவிட்டது. ஷீனா பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு பெண் வீரிட்டாள்.

"ஐயோ, ரத்தம்! பெட்டியிலிருந்து ரத்தம் வருது!"

ஊர்வலம் நின்றது. எட்டுப் பேரின் வெள்ளைச் சட்டைகளிலும் தோளிலிருந்து செம்பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவன் பயத்தில் பிடியை நழுவவிட, பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. சிலுவைக் குறி போட்டார்கள். ஷீனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வார்னிஷ்! ஒவ்வொரு நாளும் இந்த மரம் தண்ணீரில் சாயம் விடும் என்று சொல்லியே விற்பவள், நேரம் போகிறது என்று ஒரு கை வார்னிஷ்கூட அடிக்காமல் மழைக்காலத்தில் பெட்டியை வெளியே அனுப்பியிருக்கிறாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். "ரத்தமில்லீங்க! மரத்துச் சாயம்! தண்ணி பட்டா வேங்கை சாயம் விடும். என்ற டம்ளரு பாத்திருக்கீங்களே? அதே தானுங்க. மோந்து பாருங்க, மர வாசந்தான் வரும்!" ஒவ்வொருவர் தோளிலும் விரலால் தொட்டு, முகர்ந்து காட்டினாள். ஓடி ஓடிச் சொன்னாள். "இந்தச் சாயம் அதோட வைரத்துல இருந்து வர்றது. அதுக்காகத்தான் செல் அதத் தொடறதில்ல. பயப்படாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

யாரும் அசையவில்லை. அப்போது முன்னால் நின்ற ஆண்டனி ராஜ், பெட்டியை இன்னும் கொஞ்சம் கழுத்தோடு சேர்த்துக்கொண்டான். சாயம் அவன் காலரில் இறங்கியது.

"அவதான் சொல்றாளே. தூக்குங்கடா" என்றான்.

பெட்டி நிமிர்ந்தது. மழையோடு மேலே ஏறியது.

மறுநாள் காலை வெயில் அடித்தது. ஷீனா வீட்டுப் பின்கட்டுக்கு வந்தபோது, ஆண்டனி ராஜ் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். அலுமினிய டப்பில் அவன் சட்டை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. சோப்புக் கட்டி கல்லில் உலர்ந்தே இருந்தது. அம்மா கதவடியில் காப்பி டம்ளரோடு நின்றாள்.

தண்ணீர் நடுவில் தேன் நிறமாக இருந்தது. ஓரத்தில், வெயில் விளிம்பில் விழுந்த இடத்தில், மெல்லிய ஒரு நீலம், மயில் கழுத்தில் தெரிவது போல.

கொஞ்ச நேரத்தில் பலா மரத்தின் நிழல் நகர்ந்து வந்து டப்பின் விளிம்பைத் தொட்டது. நீலம் மங்கியது.

ஆண்டனி ராஜ் எழுந்து, குனிந்து, தண்ணீர் தளும்பாமல் டப்பை இரண்டடி தள்ளி வெயிலில் வைத்துவிட்டு, மறுபடியும் கல்லில் உட்கார்ந்தான்.